என் காசு அவங்களுக்கு வருமானம், எனக்கு மட்டும் செலவு இல்லையா? வரித்துறைக்கு ஒரு திறந்த மடல்

வரித்துறை அதிகாரிகளுக்கும், வரிச்சட்டத்துல ஒரு வார்த்தைய சேக்கவோ எடுக்கவோ அதிகாரம் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். விமானி ஆகுறதுக்கு நாங்க கட்டின படிப்புச் செலவ வருமானத்துல கழிச்சு வரி போட விடுறீங்களாங்கிறதுதான் என் கேள்வி. எந்த நாட்டுத் துறையா இருந்தாலும் சரி, இந்த விஷயத்துல நீங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசுறீங்க, அதனால பொதுவாவே எழுதுறேன்.

நான் ஒரு விமானி. வலது பக்க சீட்டு, அதாவது இன்னும் கேப்டன் ஆகல. ரிட்டர்ன் ஃபைல் பண்றதுக்கு ஆடிட்டர்கிட்ட ஒரு தடி ஃபைல தூக்கிட்டுப் போனேன், ஃபிளையிங் ஸ்கூல் பில், பரீட்சை ஃபீஸ், டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்த ஓட்டுறதுக்கான தகுதி), மெடிக்கல், ஹெட்செட் வாங்கின ரசீது வரைக்கும் தேதி வாரியா அடுக்கி வச்சிருந்தேன். மனுஷன் பொறுமையா புரட்டிட்டு ரெண்டு குவியலா பிரிச்சாரு. சின்னக் குவியல காட்டி "இத கேட்டுப் பாக்கலாம் சார்"னாரு. பெருசு? "அது வீட்டுலயே இருக்கட்டும்." பெருசுல இருந்ததெல்லாம் நான் முதல் சம்பளம் வாங்குறதுக்கு முன்னாடி கட்டினது.

உங்க விதி எனக்குப் புரியுது. ஒருத்தன ஒரு தொழிலுக்குத் தகுதியாக்குற செலவு வேற, தொழில்ல இருந்துகிட்டே திறமைய வளத்துக்கிற செலவு வேற; முதல்ல சொன்னதுக்குக் கழிவு கிடையாது, ரெண்டாவதுக்குக் கேக்கலாம். அமெரிக்காவுல விதியே அப்படித்தான் எழுதியிருக்கு, அதுலயும் சம்பளக்காரங்களுக்கு 2018ல இருந்து அந்த ரெண்டாவது கதவையும் சாத்திட்டாங்க. பிரிட்டன்ல இன்னும் கறார், வேலை செய்யும்போது அந்த வேலைக்காகவே ஆன செலவா இருக்கணும், வேலை செய்யத் தயாராகுற செலவு ஆகாது. சரி, டாக்டருக்கும் வக்கீலுக்கும் இதே கதைதானேன்னு நீங்க கேப்பீங்க.

ஆனா பறக்கிற தொழில்ல அந்தக் கோட்ட எங்க போடுவீங்க? ஐகாவோ, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட கணக்குப்படி கமர்ஷியல் லைசன்ஸுக்கு 200 மணி நேரம், அங்கீகாரம் உள்ள முழு கோர்ஸா படிச்சா 150. அந்த லைசன்ஸ கையில வச்சுகிட்டு ஒரு ஜெட்டோட காக்பிட்டுக்குள்ள போய் உக்காந்தா இறக்கி விட்டுருவாங்க, ஏன்னா ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனியா டைப் ரேட்டிங் வேணும். அத முடிச்சாலும் ஆச்சா? வருஷத்துக்கு ரெண்டு தடவ ஓட்டுற திறமைய சோதிக்கிற செக், குறிப்பிட்ட இடைவெளியில மெடிக்கல், 90 நாளுக்குள்ள மூணு டேக்-ஆஃப் மூணு லேண்டிங் இல்லன்னா பயணிங்கள ஏத்திட்டுப் போக முடியாது, கேப்டன் ஆகணும்னா 1,500 மணி நேரம் வேணும். நாங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் மாணவங்கதான்.

இப்ப ஒரே சிமுலேட்டர்ல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே டைப் ரேட்டிங் பண்றாங்கன்னு வச்சுக்கங்க. ஒருத்தர் ஏற்கனவே டர்போப்ராப், அதாவது ப்ரொப்பெல்லர் வச்ச விமானம் ஓட்டுறவர், ஜெட்டுக்கு மாறுறார், அவருக்கு இது திறமை வளத்துக்கிறது. இன்னொரு பையன் லைசன்ஸ் வாங்கிட்டு வேலை தேடிட்டு இருக்கான், அவனுக்கு இது புதுத் தொழிலுக்குள்ள நுழையுறது. அதே வாத்தியார், அதே பில். முதல் ஆளுக்குக் கழிவு கிடைக்கலாம், ஆனா பாதி நேரம் அவர் பில்ல கம்பெனியே கட்டிருது, அதனால அவருக்கு அது தேவையே இல்ல. தேவைப்படுறவன் கடன் வாங்கிக் கட்டிருக்கான், அவனுக்குக் கதவு மூடியிருக்கு.

இன்னும் ஒண்ணு எனக்கு உறுத்திட்டே இருக்கு. நான் கட்டின ஃபீஸ் அந்த ஸ்கூலுக்கு வருமானம், அதுக்கு நீங்க வரி கேக்குறீங்க. அவங்க விமானத்துக்குத் தேய்மானம் குடுக்குறீங்க, டயர் மாத்தினா அது செலவுல ஏறுது. அந்த டயர ரன்வேல தட்டித் தட்டித் தேய்ச்சவன் நான் (என் ஆரம்ப கால லேண்டிங் பத்தி வேற எதுவும் கேக்காதீங்க), என் கணக்குல மட்டும் அது செலவே இல்ல.

ஜெர்மனில இதுக்காகப் பெரிய போராட்டமே நடந்துச்சு. முதல் படிப்போட செலவுன்னா வருஷத்துக்கு 6,000 யூரோ வரைக்கும்தான், அதுவும் அந்தந்த வருஷத்து வருமானத்துலதான் கழிக்கணும், அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. படிக்கிறவனுக்கு ஏது வருமானம்? அதனால சில பேர் முதல்ல விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்துட்டு, விமானி படிப்ப அந்த வரம்பு இல்லாத "ரெண்டாவது படிப்பு"ன்னு காட்டினாங்க, 2013ல உச்ச வரி நீதிமன்றமும் ஒத்துகிச்சு. உடனே 2015ல இருந்து முதல் பயிற்சி குறைஞ்சது 12 மாசம் இருக்கணும்னு சட்டத்த மாத்திட்டாங்க. கடைசியில 2019ல அரசியல் சட்ட நீதிமன்றம் முதல் படிப்புக்கான அந்த வரம்பு செல்லும்னு அரசு பக்கமே தீர்ப்பு சொல்லிருச்சு. புத்திசாலித்தனத்துக்கு வரித்துறை எவ்வளவு வேகமா பதில் சொல்லுதுன்னு பாருங்க, நியாயத்துக்கும் அந்த வேகம் இருந்தா நல்லா இருக்கும்.

இந்தியாவுல கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வரைக்கும் கழிவு உண்டு, அசலுக்குக் கிடையாது, புது வரி முறைய எடுத்தா வட்டிக்கும் கிடையாது. கனடாவுலதான் கொஞ்சம் யோசிச்சிருக்காங்க. கமர்ஷியல் லைசன்ஸுக்கான ஃபிளையிங் ஸ்கூல் கட்டணத்தையும் படிப்புக் கட்டணமா எடுத்துக்கிறாங்க, அந்த வருஷம் கட்ட வரியே இல்லன்னா மிச்சத்த பின்னாடி வர்ற வருஷத்துக்குத் தள்ளிக்கலாம். ஆஸ்திரேலியாவுல 1991லயே ஒரு ஃபிளைட் எஞ்சினியர் சின்ன விமானம் ஓட்டக் கத்துகிட்ட செலவ அவர் வேலைக்கு உதவுதுன்னு கோர்ட் ஏத்துகிச்சு.

நான் கேக்குறதும் ஏதோ சலுகை இல்ல. லைசன்ஸ் வாங்கி, விமானியா சம்பளம் வர ஆரம்பிச்ச அப்புறம், முன்னாடி கட்டினத பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்க விடுங்க. விமானத்துக்குத் தேய்மானம் குடுக்குற மாதிரியே. பொழுதுபோக்குக்குப் பறக்கிறவங்களும் உள்ள நுழைஞ்சிருவாங்கன்னு பயமா? சம்பளம் வராதவனுக்குக் குடுக்காதீங்க, முடிஞ்சது. ஆதாரம் வேணுமா, எங்க லாக்புக்ல ஒவ்வொரு மணி நேரமும் எந்த விமானம், எங்க இருந்து எங்கன்னு எழுதியிருக்கு, வாத்தியார் கையெழுத்தோட. இந்த அளவு சாட்சியோட படிப்புச் செலவ வேற யாரு உங்க மேசைக்குக் கொண்டுவருவாங்க?

அந்தப் பெரிய குவியல் அலமாரியில அப்படியே இருக்கு. அடுத்த மாசம் மெடிக்கல் புதுப்பிக்கணும், அந்த பில்ல சின்னக் குவியல்ல வைக்கச் சொல்லியிருக்காரு ஆடிட்டர்.

இப்படிக்கு,
வலது பக்க சீட்டுக்காரன்