கணினி ஓவியம் பழக விலையுயர்ந்த கருவி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், கணினியில் ஓவியம் வரைய ஆசைப்படும் பிள்ளைக்கு எதை வாங்கித் தருவது என்று கேட்டு, குடியாத்தம், காட்பாடி பகுதிப் பெற்றோர் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். பள்ளியில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், அவர்களிடம் சொல்வதைத் தங்கள் நாளிதழ் வழியாக மற்றவர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. கடையில் 'டேப்லெட்' என்று கேட்டால், படம் பார்க்கும் கைக்கணினியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். லுங்கி நெசவு செய்யும் ஒருவர் சென்ற ஆண்டு தம் மகனுக்காக அப்படி ஒன்றையும், நுனியில் ரப்பர் வைத்த பேனா ஒன்றையும் வாங்கி வந்தார். மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தேய்த்தாலும் திரையில் ஒரே தடிமனில்தான் கோடு விழுந்தது. பையன் முகம் வாடிப்போனது. கடைக்காரரோ திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஓவியத்துக்கு வேண்டியது கையின் அழுத்தத்தை உணரும் பேனாவும், அதற்கென்றே செய்யப்பட்ட டிராயிங் டேப்லெட்டும்தான்.

அதிலும் திரையுடன் வருவதைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். ஆறுக்கு நான்கு அங்குல அளவில் வரையும் இடம் கொண்ட, திரையில்லாத சிறிய பலகை ஒன்றை வீட்டிலிருக்கும் மடிக்கணினியுடன் யுஎஸ்பி வடத்தால் இணைத்தால் போதும். ஜப்பானின் வேகாம் நிறுவனம் 1983 முதல் இத்துறையில் இருக்கிறது. ஹுயான், எக்ஸ்பி-பென் ஆகிய சீன நிறுவனங்களின் பலகைகள் பெரும்பாலும் அதைவிட மலிவாகக் கிடைக்கின்றன. பேனாவுக்குப் பேட்டரி தேவைப்படாத வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பதைக் காட்டும் அழுத்த நிலைகள் 8192 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பழகுபவருக்கு 2048 இருந்தாலே தாராளம் என்பது என் அனுபவம்.

கை கீழேயும் கண் மேலேயும் இருப்பதால் முதல் இரண்டு வாரம் கோடு சொன்னபடி கேட்காது. தட்டச்சு பயில்பவர் விரலைப் பாராமல் தாளைப் பார்த்துப் பழகுவதைப் போன்றதுதான் இதுவும். ஆனால், வட்டம் போட்டால் படுத்த முட்டையாகத் திரையில் விழுகிறதென்றால் அது பிள்ளையின் கைக்குற்றம் அன்று. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பலகையைக் கணினியுடன் இயங்கவைக்க அதனுடன் வரும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் அதைச் சரிசெய்துவிடலாம். இதை அறியாமல், தனக்கு வரையவே வராது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. போட்டோஷாப் 2013 முதல் சந்தா முறைக்கு மாறிவிட்டதால், அதன் திருட்டுப் பிரதியைக் கணினியில் ஏற்றி, கூடவே வைரஸையும் வரவழைத்துக்கொள்கிறார்கள். கிரிட்டா என்னும் கட்டற்ற மென்பொருள் ஓவியம் தீட்டுவதற்கென்றே உருவானது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இலவசமாக இயங்குகிறது. நடுங்கும் கோட்டைச் சீராக்கும் வசதியும் அதில் உண்டு. ஏ4 தாள் அளவை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் படம் 2480க்கு 3508 புள்ளிகளாக விரியும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் கண்ணாடித் தாள்கள் போன்ற லேயர்கள் கூடக்கூடப் பழைய மடிக்கணினி திணறும். பழகும் காலத்தில் 150 புள்ளியே போதும்.

மேலே சொன்ன நெசவாளரின் மகன் இப்போது அப்படித்தான் பழகுகிறான். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூணைப் பென்சிலால் வரைந்து, அதைக் கைபேசியில் படமெடுத்து அடி லேயரில் வைத்து, மேல் லேயரில் கோடிழுத்து வண்ணம் தீட்டுகிறான். பிடரி மயிரின் சுருள்களில் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதைக் கண்டு எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

வாங்குமுன் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் பகுதிப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. எனவே மாவட்ட மைய நூலகத்தில் இத்தகைய பலகைகள் இரண்டையாவது கிரிட்டா ஏற்றிய கணினிகளுடன் வைக்க, நூலகத் துறையினர் ஆவன செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம்.