முதலுதவிப் பயிற்சி: ஞாயிறு காலை 9

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 9 முதல் 11 வரை, நம் பினாங்கு பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் பயிற்சி.

1. வீட்டுக்கு ஒருவராவது வரவும். முட்டி போட வேண்டியிருக்கும், தளர்வான உடை போதும்.

2. நெஞ்சழுத்தம் (இதயம் நின்றுபோன பெரியவரின் நெஞ்சைக் கைகளால் அழுத்துவது): நடு நெஞ்சில், 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120 முறை. முழங்கை மடங்கினால் ஆழம் கிடைக்காது. கட்டிலில் கிடத்திச் செய்தால் அழுத்தத்தில் ஒரு பங்கு மெத்தைக்குத்தான் போகும், தரையில் இறக்குங்கள்.

3. தீக்காயம்: 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பற்பசை, சோயா சாஸ் பூசும் வைத்தியம் இனி வேண்டாமே!

4. ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்ததும் புளோக், மாடி எண்ணைச் சொல்லுங்கள். ஒருவர் கீழே இறங்கி லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும்.

பயிற்சிப் பொம்மை இரண்டுதான். 20 பேருக்கே இடம். வெள்ளி இரவுக்குள் பெயர், வீட்டு எண்ணை இங்கே போடவும்.