தம்பியின் வீட்டுப்பாடம்

பட்டர்வொர்த்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணி வரை நம் பேரன் தம்பியை உட்கார வைத்து, வாரம் முழுக்கச் சேர்ந்துபோன வீட்டுப்பாடத்தை முடிக்கப் பாடாய்ப் பட்டதாகச் சொன்னாய். கடைசியில் கணிதப் பயிற்றிப் புத்தகத்தில் மிச்சமிருந்த பக்கங்களை அவன் எழுத்து மாதிரியே நீயே எழுதி முடித்ததாகவும் சொன்னாய். செந்தூலில் டியூஷன் மையம் ஒன்று இருக்கிறது, வாரம் நான்கு நாள், சேர்த்துவிடட்டுமா என்று கேட்டாய். போனில் அவசரமாகப் பதில் சொல்கிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

டியூஷன் வேண்டாம் அம்மாடி. இந்த வருடம் வேண்டவே வேண்டாம்.

அவன் முதலாம் ஆண்டுப் பிள்ளை, ஏழு வயது. காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்து பள்ளி வேனில் ஏறுகிறான். பள்ளி விட்டதும் பராமரிப்பு மையம். நீ வேலை முடிந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு வீடு சேரும்போது மணி ஏழு. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எட்டரை மணிக்கெல்லாம் அவன் படுத்துவிட வேண்டும். குளித்து, சாப்பிட்டு, உன் மடியில் கொஞ்ச நேரம் இருந்தால் மிஞ்சுவது அரை மணி நேரம். அதிலே டியூஷனை எங்கே வைப்பாய்?

நீ எதற்காகப் பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. நீ படித்த காலத்தில் ஆறாம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு இருந்தது. எத்தனை 'ஏ' என்று ஊரே கேட்டது. இப்போது அப்படி இல்லை. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2019-இல் தேர்வை நீக்கிவிட்டார்கள், 2021-இல் யூபிஎஸ்ஆரையும் நிறுத்திவிட்டார்கள். தம்பிக்கு நடப்பது வகுப்பறை மதிப்பீடு. அவன் வாசிப்பதையும் பேசுவதையும் எழுதுவதையும் ஆசிரியர் வருடம் முழுக்கக் கவனித்து, 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுப்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு ஒப்பிடுகிற மதிப்பெண் அல்ல அது. இவனுக்கு என்ன வந்திருக்கிறது, இன்னும் என்ன வர வேண்டும் என்பதைத்தான் அது காட்டும்.

நீ எழுதிக் கொடுத்த பக்கங்களால் வருகிற கேடும் இங்கேதான். தப்பே இல்லாத புத்தகத்தைப் பார்க்கிற ஆசிரியர், இவனுக்குக் கழித்தல் வந்துவிட்டது என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அவன் தப்பாகப் போட்டிருந்தால், மறுநாள் காலையில் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் ஆசிரியராக வகுப்பில் இருந்த காலத்தில் பிள்ளைகள் செய்த தப்புகளைப் பார்த்துத்தான் அடுத்த நாள் பாடத்தையே முடிவு செய்வேன். அம்மாக்கள் திருத்தி அனுப்பிய புத்தகங்களை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. ஆகவே முடியாவிட்டால் முடியாததாகவே அனுப்பு. 'ஆசிரியருக்கு வணக்கம், இருபது நிமிடம் செய்தான், இதுவரைதான் முடிந்தது' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடு. நல்ல ஆசிரியர் எவரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டுப்பாடம் எவ்வளவு இருந்தால் போதும் என்றும் கேட்டாய். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர், 1987 முதல் 2003 வரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் எழுதினார். வீட்டுப்பாடத்துக்கும் படிப்பில் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாகத் தெரிகிறது, சின்னப் பிள்ளைகளிடம் மிகக் குறைவு என்றார். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை அவரும் ஒப்புக்கொள்கிறார். முதலாம் ஆண்டு என்றால் பத்து, இரண்டாம் ஆண்டு என்றால் இருபது. நம் பள்ளிகளில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி இருப்பதால் நான் இன்னொரு பத்து நிமிடம் கூட்டிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம்.

ஆசிரியர் வெள்ளிக்கிழமை புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அடுத்த வாரத்துக்கான பட்டியலைப் போடுகிறார் இல்லையா? அதைப் பார்த்ததும் ஐந்து நாளுக்கும் பிரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடு. முடித்ததைத் தம்பியே கோடு போட்டு அடிக்கட்டும்.

சொல்வதெழுதுதலைத்தான் நீங்கள் இருவரும் பெரிய பாரமாக்கி வைத்திருக்கிறீர்கள். பத்துச் சொல்லையும் வியாழக்கிழமை ராத்திரி பத்துப் பத்துத் தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும். திங்கட்கிழமை வாசிக்க மட்டும் சொல். செவ்வாய்க்கிழமை கைதட்டிப் பிரித்துச் சொல்லட்டும்: பட்-டம், பள்-ளி, வண்-ணத்-துப்-பூச்-சி. புதன்கிழமை ஐந்து சொல் எழுதட்டும், வியாழக்கிழமை மற்ற ஐந்து.

'பட்டம்' என்று நீ சொல்ல அவன் 'படம்' என்று எழுதினால் உடனே அழிப்பானை எடுக்காதே. 'நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டு' என்று மட்டும் சொல். 'ப-ட-ம்' என்று வாசிப்பான், ஒரு கணம் நிற்பான், பிறகு அவனே 'ட்' காணோம் என்று கண்டுபிடிப்பான். இந்த வயதுப் பிள்ளைகள் விடுகிற பிழையில் பெரும்பங்கு இதுதான்: புள்ளி வைத்த எழுத்து விட்டுப்போவது, குறிலும் நெடிலும் மாறுவது, ஒற்றைக்கொம்பு வர வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு வருவது. மூன்றையும் காதால் பிடித்துவிடலாம். ல, ள, ழ குழப்பம் தீரக் கொஞ்ச காலம் ஆகும், அதற்காக இப்போதே அவனைக் கடிந்துகொள்ளாதே.

கணிதத்துக்குப் பயிற்றி எதுவும் வாங்க வேண்டாம். முதலாம் ஆண்டில் எண்கள் 100 வரை, பணம் 10 ரிங்கிட் வரைதான். உன் கைப்பையில் கிடக்கிற சில்லறையைப் பாயில் கொட்டு. 50 சென் காசை எத்தனை விதமாக எடுத்து வைக்கலாம் என்று கேள். இரண்டு 20-உம் ஒரு 10-உம், ஐந்து 10, பத்து 5 என்று அவன் அடுக்குவதைப் பார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் பலகாரம் வாங்கும்போது காசை அவன் கையால் கொடுக்கவிடு. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள்.

மலாய் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வீட்டில் யாரும் பேசாத மொழி அது. எழுதும்போது 'b'யையும் 'p'யையும் மாற்றிப் போடுகிறான் என்றால், தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து என்பதால் வருகிற பழக்கம். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) மகனோடு விளையாட விடு. வாரத்துக்கு ஒரு சின்ன மலாய்க் கதையை மாப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். அவருக்கு மலாய் நன்றாக வரும், உச்சரிப்பும் சுத்தம். எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எதை விட்டாலும் வாசிப்பை மட்டும் விடாதே. நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் வீட்டில் யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்ட பிள்ளைகள் வாசிப்பில் தடுமாறி நான் பார்த்ததில்லை. தாய் தகப்பன் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மா, தமிழ் எழுத்தே தெரியாது, மகளைத் தினமும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து 'படி, நான் கேட்கிறேன்' என்பார். அந்தப் பெண் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வகுப்பிலேயே நன்றாக வாசித்தாள். கதை முடிந்ததும் 'அந்த நரி ஏன் அப்படிச் செய்தது?' என்று ஒரே ஒரு கேள்வி கேள். அவன் என்ன பதில் சொன்னாலும் முழுக்கக் கேள்.

ஆத்திசூடியை என்னிடம் விட்டுவிடு. தினமும் ஏழே முக்காலுக்கு நீ சமையலைக் கவனிக்கும்போது எனக்கு வீடியோ கால் போட்டுக் கொடு. ஒரு வரி சொல்லி, பொருள் சொல்லி, அன்றைக்குப் பள்ளியில் நடந்ததையும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார். ஆண்டு நடுவில்கூட எழுத்துகள் அடையாளம் தெரியவில்லை, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறான், கூப்பிட்டால் சட்டென்று திரும்புவதில்லை என்றால் சும்மா இருக்காதே. கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. பள்ளியில், பின்தங்கும் பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேள். அந்த வகுப்புக்கு அனுப்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. சீக்கிரம் போன பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுவார்கள். தம்பிக்கு அப்படி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, போன தடவை வந்தபோது பினாங்குப் பாலம் நெடுகிலும் அறிவிப்புப் பலகைகளை வாசித்துக்கொண்டேதான் வந்தான்.

புலனக் குழுவில் மற்ற அம்மாக்கள், தங்கள் பிள்ளை எத்தனை பயிற்றி முடித்தது என்று படம் போடுவதைப் பார்த்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆசிரியரின் செய்தியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடு.

பள்ளி விடுமுறைக்கு இடிஎஸ் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. தம்பியின் பயிற்றிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாசிக்கக் கதைப் புத்தகங்களை இங்கே நான் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏழே முக்காலுக்குப் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா