அதற்குள் பிடுங்கிவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில், "ரூட் கெனால் செஞ்ச பல்லு மறுபடியும் வலிக்குதுப்பா, சனிக்கிழமை பிடுங்கிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குக் கீழே இடதுபக்கம் ஒரு கடைவாய்ப்பல் இல்லை என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று உன்னிடம் சொன்னதில்லை. வலி தாங்காமல் "எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று நானேதான் சொன்னேன். வேறு வழி இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலைந்து வருடத்தில் பின்னால் இருந்த பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்தது. மேல்பல்லோ, எதிரே தாங்க ஒன்றும் இல்லாததால் கீழே இறங்கி வந்தது. பல் இருந்த இடத்தில் தாடை எலும்பும் கரைந்துவிட்டது. அந்தப் பக்கம் மெல்லுவதை விட்டே எத்தனையோ வருடமாகிறது.

அப்புறம் மேல் கடைவாய்ப்பல்லில் உனக்கு வந்ததே எனக்கும் வந்தது. ரூட் கெனால் முடிந்து கேப் போட்ட பல், மூன்று வருடம் கழித்து வலித்தது. ஈறில் சீழ்க்கொப்புளம். இந்தத் தடவை உன் அம்மா விடவில்லை, எண்டோடான்டிஸ்ட்டிடம் கூட்டிப்போனாள். பல் மருத்துவம் முடித்துவிட்டு, பல்லின் உள்பகுதிக்கென்றே மேலும் சில வருடம் படித்தவர்கள் இவர்கள்.

"நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்?" என்று நீ கேட்டாயே, அதையே நானும் அவரிடம் கேட்டேன். வலி பல்லுக்குள் இல்லையாம். உள்ளே தங்கிய கிருமி வேர் நுனி வழியாக வெளியே வந்து, சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும் புண்ணாக்குகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழலைக் காட்டினார்.

பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, பழைய அடைப்பை எடுத்துவிட்டு, மைக்ரோஸ்கோப் வழியாகத் தேடினார். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பல பேருக்கு, நரம்பு ஓடும் கால்வாய் இரண்டு உண்டு. அந்த இரண்டாவது கால்வாய்தான் முதல் சிகிச்சையில் விட்டுப்போயிருந்தது. திரையில் எனக்குக் காட்டினார்: ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அவ்வளவுதான். 0.1 மில்லிமீட்டர் நுனியுள்ள ஃபைலை, அதாவது ஊசிபோன்ற மெல்லிய அரத்தை, அதற்குள் இறக்கி, கிருமிநாசினி விட்டுக் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைத்தார். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த நிழல் இல்லை. இன்றைக்கும் அந்தப் பல்லால்தான் மெல்லுகிறேன்.

கேப்பைக் கழற்றி மறுபடி சுத்தம் செய்ய முடியாத பல்லுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி, அடியிலிருந்தே அடைத்துவிடுகிறார்கள்.

எல்லாப் பல்லும் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தாலோ, கேப்பைத் தாங்கும் அளவுக்கு ஈறுக்கு மேல் பல் மிஞ்சாவிட்டாலோ, எடுப்பதுதான் சரி. நிபுணர் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால் தயங்காமல் எடுத்துவிடு, அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். வலியில் இருக்கும் நீ முடிவு செய்யாதே.

சனிக்கிழமை பிடுங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் எண்டோடான்டிஸ்ட்டிடம் நேரம் வாங்கு. முன்பு எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோ. கால்வாய் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, வேரில் விரிசல் இருக்கிறதா, இந்த இரண்டையும் மறக்காமல் கேள். இடையில் வலி நின்றுவிட்டாலும் போகாமல் இருந்துவிடாதே, வலி நின்ற பிறகும் கிருமி உள்ளேயே இருக்கும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

பார்த்துவிட்டு வந்ததும் போன் பண்ணும்மா. எந்நேரமானாலும் சரி, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா