அப்பர் ஆன்டிலோப் என்று பணம் வாங்கி லோயருக்கு அழைத்துச் சென்றது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு

பொருள்: அமெரிக்க மேற்குப் பகுதிச் சுற்றுலா, ஆன்டிலோப் கேன்யன் நாளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

கடந்த ஜூன் மாதம் உங்கள் குழுவோடு அமெரிக்கா சென்று வந்தவர்களில் நானும் என் அம்மாவும் இருந்தோம். மற்ற நாட்கள் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. அரிசோனாவில் பேஜ் ஊரில் நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன். அங்கே மணற்பாறையைத் தண்ணீர் அரித்து உண்டான குறுகலான பள்ளத்தாக்குதான் ஆன்டிலோப் கேன்யன். அதில் அப்பர், லோயர் என்று தனித்தனியாக இரண்டு பகுதிகள்.

உங்கள் பயணத் திட்டத்தில் அன்றைக்கு இப்படி அச்சிட்டிருந்தது: 'அப்பர் ஆன்டிலோப் கேன்யன், நண்பகல் நேரம், புகைப்படக்காரர்களுக்கு டிரைபாட் அனுமதி உண்டு.' டிரைபாட் என்றால் கேமராவை நிறுத்தும் முக்காலி. அந்த அனுமதிக்காகவே என்னிடம் தனியாக 18,000 ரூபாய் வாங்கினீர்கள். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. பணம் கட்டும் முன் உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்து, 'படி ஏற வேண்டியிருக்குமா?' என்று கேட்டேன். 'அப்பரில் படியே கிடையாது சார், வண்டியிலேயே வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள், உள்ளே மணல் தரைதான்' என்றார்கள். அப்பரில் வண்டி வாசல் வரை போகும், உள்ளே மணல் தரை என்பதெல்லாம் உண்மைதான்; வெளியேறித் திரும்பி வரும் வழியில் மட்டும் இப்போது படிகள் உண்டு, அதையும் நீங்கள் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எங்களுக்கு எடுத்திருந்தது லோயர் டிக்கெட், அதுவும் மாலை 3:30 மணிக்கு.

இரண்டும் ஆன்டிலோப்தானே என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்னார். இல்லை ஐயா. லோயருக்குள் இறங்க செங்குத்தான இரும்புப் படிக்கட்டுகள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி வெளியே வர வேண்டும். நடுவில் முடியவில்லை என்றால் திரும்பி வரவும் முடியாது. ஒளியும் வேறு. அப்பர் அடியில் அகன்று உச்சியில் குறுகியிருக்கும். அதனால்தான் கோடையில் நண்பகலை ஒட்டி, 120 அடி உயரச் சுவர்களுக்கு நடுவே வெயில் ஒற்றைக் கற்றையாக மணலில் வந்து விழுகிறது. லோயர் அதற்கு நேர்மாறு, மேலே விரிந்து அடியில் ஒடுங்கியது. அந்தக் கற்றையைப் படம் எடுக்கத்தான் நான் இரண்டு வருடம் பணம் சேர்த்தேன்.

அம்மா படிக்கட்டைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். 'நீ போய்ட்டு வா, படத்துல பார்த்துக்கறேன்' என்றார். ஆங்கிலம் தெரியாதவர். அவரோடு இருக்க உங்கள் ஆட்களில் ஒருவர்கூட மேலே நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் டிக்கெட் கவுண்டர் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுவிட்டு இறங்கியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

லோயர் அழகில் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து போகும் மணற்பாறை, வெயில் பட்ட இடம் ஆரஞ்சு, நிழல் விழுந்த இடம் கத்தரிப்பூ நிறம். அம்மா இதைப் பார்க்கவில்லையே என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு வளைவையும் கடந்தேன்.

அடுத்தது டிரைபாட். அப்பரில் முன்பு தனியாகப் புகைப்படச் சுற்றுலா நடந்தது, அதில் மட்டும் டிரைபாட் கொண்டுபோகலாம். அதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது இரண்டு கேன்யனிலுமே டிரைபாட், பை, செல்ஃபி ஸ்டிக் எதுவும் உள்ளே போகாது. இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். இல்லாத அனுமதிக்கு என்னிடம் 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

அதைவிட வருத்தமான ஒன்று. வாசலில் உங்கள் ஒருங்கிணைப்பாளர், 'கொஞ்சம் டிப்ஸ் கொடுத்தால் டிரைபாடை உள்ளே விட்டுவிடுவார்கள்' என்று எங்களிடம் சொல்லிவிட்டு, நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டியிடமே போய் அதைக் கேட்டார். வழிகாட்டி பொறுமையாக மறுத்தார். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அது நவஹோ மக்களின் நிலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று எங்கேயோ தொலைவில் பெய்த மழை, இதே லோயருக்குள் திடீர் வெள்ளமாகப் பாய்ந்து 11 பயணிகள் இறந்தார்கள். இப்போது வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அவ்வளவு குறுகிய இடத்தில், பின்னால் அடுத்த குழு வந்துகொண்டிருக்கும்போது, மூன்று கால் விரித்து ஒரு டிரைபாட் நின்றால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்தாலே புரியும். அந்த வழிகாட்டிதான் உள்ளே என் கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) எவ்வளவு வைக்க வேண்டும், எந்தச் சுவரில் சாய்ந்து கையை அசையாமல் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தார். என்னிடம் இருக்கும் நல்ல படங்கள் நாலைந்தும் அவர் தயவில் கிடைத்தவை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவு தங்கிய கனாப், யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. கோடையில் அங்கே கடிகாரம் பேஜை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். இதுவும் உங்கள் ஆளுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வெயிலில் காத்திருந்தோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். டிரைபாட் அனுமதி என்று வாங்கிய 18,000 ரூபாயும், அம்மா உள்ளே போகாத கேன்யன் டிக்கெட்டின் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். உங்கள் பயணத் திட்டத்தில் அப்பரா லோயரா என்பதையும், படிக்கட்டு உண்டா என்பதையும், நேரத்தையும் தெளிவாக அச்சிட வேண்டும். 'டிரைபாட் அனுமதி' என்ற வரியை உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த குழுவிலும் மூட்டுவலியோடு ஒரு அம்மா வருவார். அம்மாவைத் தனியாக விட்டதற்கு எழுத்தில் ஒரு வருத்தக் கடிதமும் வேண்டும், அவர் பெயருக்கே, தமிழில்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஜூன் மாதக் குழுவில் வந்த பயணி

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, அச்சிட்ட பயணத் திட்டம், லோயர் கேன்யன் டிக்கெட் ஆகியவற்றின் நகல்கள்