அவர்கள் தலையில் இருந்தது சாராயம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மும்பை நிழலுலகம் பற்றி வந்த நீண்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். "முழுசாப் படிச்சிட்டு அப்புறம் கோபப்படும்மா" என்று மகள் சொன்னதால் மறுபடி எடுத்தேன். முழுசாகப் படித்துவிட்டேன். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

'பம்பாய்த் தமிழன் நிமிர்ந்து நடந்தான் என்றால் அது தாதாக்கள் போட்ட பிச்சை' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பிச்சை என்ற சொல்லை அவர் யோசித்துத்தான் போட்டாரா, வேகத்தில் வந்து விழுந்ததா தெரியவில்லை. நான் 1956இல் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் யாரிடமும் பிச்சை வாங்கியதாக நினைவில்லை. அரிசி ஒருமுறை வாங்கினோம். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1968 மழைக்காலம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒருவன் எங்கள் கோலிக்குள், அதாவது ஒற்றை அறை வீட்டுக்குள், வந்து, லாரி டியூப் இரண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். காற்றடைத்தது போலவே பம்மென்று இருந்தது; உள்ளே இருந்தது பட்டிச் சரக்கு, திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயம். "எக்கா, ஒரு ராத்திரிக்கு இருக்கட்டும்" என்றான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். எங்கள் ஊர்க்காரன்தான். யாருடைய ஆள் என்பதை எழுத மாட்டேன். ஒரு டியூபின் வாய்க்கட்டு சரியில்லாமல் கசிந்து, விடிவதற்குள் தரையெல்லாம் புளித்த வெல்லமும் நவச்சாரமும் கலந்த நாற்றம். அம்மா கழுவுமிடமான மோரியிலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினாள். போகவில்லை. காலையில் போலீஸ் ஹவல்தார் வந்ததற்கு அந்த நாற்றம் காரணமா, எவனாவது சொல்லிவிட்டானா, இன்றுவரை தெரியாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு ராத்திரி உள்ளே இருந்தார். சரக்கு வைத்தவனை யாரும் தேடவில்லை.

மூன்றாம் நாள் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு பத்து ரூபாய் நோட்டும் வந்தன. ரேஷன் அரிசியை வைத்து வயிறு கழுவிய நாட்கள் அவை. சமைத்தோம், சாப்பிட்டோம். ஆச்சி, "நல்ல மனுசன், மறக்காம அனுப்பிட்டான் பாரு" என்றாள். உங்கள் கட்டுரையாளர் அன்று எங்கள் வாசலில் நின்று பேட்டி எடுத்திருந்தால், ஆச்சி சொன்னதை அப்படியே எழுதி, 'ஏழைகளுக்கு அரிசி வழங்கிய வள்ளல்' என்று தலைப்பும் போட்டிருப்பார். அப்பா மட்டும் அந்தச் சோற்றைத் தொடவில்லை. அவரிடம் பேட்டி எடுக்க யாரும் வரவும் இல்லை.

தாதா வரதராஜ முதலியார் தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர், பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் போட்ட விநாயகர் பந்தலை நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவள்தான். அந்த விளக்கு அலங்காரத்தைப் போல அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான்; கடைதான் இல்லை. ஆன்டாப் ஹில் பக்கத்துச் சதுப்பிலும் கோலிவாடாவிலும் பட்டி எரிந்தது. காய்ச்சியதும் சுமந்ததும் குடித்ததும் பெரும்பாலும் நம்மவர்கள், அல்லது நம்மைப் போன்ற இல்லாதவர்கள். எங்கள் வரிசையிலேயே ஒருவர் ஒரு தீபாவளிக்குக் குடித்துவிட்டு வந்து படுத்தார். காலையில், "ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டார். அதன் பிறகு அவருக்கு விடியவே இல்லை. 'அந்தக் காலத்துத் தாதாக்கள் துப்பாக்கியைத் தொடாத கண்ணியவான்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, இந்த வியாபாரத்துக்குத் துப்பாக்கி எதற்கு?

கடத்தல் தாதா ஹாஜி மஸ்தானுக்கு ஒரு முழுப் பக்கம். வெள்ளை உடை, வெள்ளைச் செருப்பு, பென்ஸ் கார். துறைமுகக் கூலியாக இருந்தவர் எப்படித் தங்கத்தில் புரண்டார் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் 1990இல் அது போனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியிலிருந்து தங்கம் நேர்வழியில் வர வழியில்லை. இங்கே கல்யாணத்துக்குத் தங்கம் இல்லாமல் முடியாது. நடுவில் நின்றவன் பணக்காரனானான். சட்டம் போனது, இறக்குமதிக்கும் வழி விட்டார்கள், அந்தத் தொழில் படுத்துவிட்டது. இதில் வீரம் எங்கே வருகிறது?

சிவசேனா 1966இல் தொடங்கியபின் தென்னிந்தியர்களை விரட்ட 'லுங்கி ஹட்டாவ்' என்று கத்திக்கொண்டு போன நாட்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது தமிழனைக் காப்பாற்ற தாதாக்கள் நின்றார்களாம். நின்றிருக்கலாம், நின்ற இடத்தில் நான் இல்லை. எங்கள் வரிசையில் நின்றது மௌசி. பக்கத்து கோலி மராத்திக்கார அம்மா, வீட்டுக்காரர் பரேலில் மில் தொழிலாளி. தெருவில் சத்தம் கேட்டதும் எங்கள் நால்வரையும் தன் கோலிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். இதற்கு அவள் ஹப்தா என்று மாமூல் எதுவும் கேட்கவில்லை.

மௌசியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் எரிகிறது. மன்யா சுர்வே என்ற தாதா வடாலாவில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை நிமிடக் கணக்கில் விவரித்து, கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். 1982 ஜனவரி 11. நல்லது. சரியாக ஏழு நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கட்டுரையில் அது, 'இதே காலத்தில் மில் போராட்டமும் நடந்தது' என்று ஐந்து சொற்களில் முடிகிறது. மௌசியின் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மில்லுக்குள் போகவே இல்லை. ஊருக்குப் போனார், திரும்பி வந்தார், தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றார். மௌசியின் தாலி மணிகள் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போயின. அவர்களுடைய சின்னப் பையன் என்ன ஆனான் என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. பிற்காலத்துக் கும்பல்களுக்கு அத்தனை பையன்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று கட்டுரையாளர் ஆச்சரியப்படுகிறாரே, அவர் ஐந்து சொற்களில் தாண்டிப்போன அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.

இந்த ஆச்சரியமெல்லாம் எனக்குப் புதிதில்லை. 1978இல் என்னைப் பெண் பார்க்க ஊரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காபியைக் கையில் வாங்குவதற்குள், "தாராவியா? அப்ப பெரிய ஆட்களையெல்லாம் தெரிஞ்சிருக்குமே" என்றார். பயந்து கேட்கிறார் என்று நினைத்தோம். கடைசியில் பார்த்தால், ஊரில் வாய்க்கால் ஓரத்து நிலத்தில் ஒரு தகராறாம், அதற்கு இங்கிருந்து ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று விசாரிக்கிறார். அப்பா, "எனக்குத் தோலைத்தான் தெரியும்" என்றார். சம்பந்தம் தட்டிப்போனது, நல்லதுதான். பிறகு என் மகன் கடனுக்கு விண்ணப்பித்தபோது தாராவி முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு வங்கி ஆள் சிரித்தார். ஊரில் தாதா பெருமை, இங்கே தாதா சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இட்லி விற்றதும், பள்ளிக்கூடம் நடத்தியதும், சங்கம் வைத்ததும், 1992 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு தெருத்தெருவாக ராத்திரி கண்விழித்ததும் யார் கணக்கிலும் ஏறவில்லை. இதைப் பத்து வருடத்துக்கு முன்பே உங்கள் இதழுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். அது வெளிவரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும்.

வரதராஜ முதலியார் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவாரின் நெருக்கடியால் பம்பாயை விட்டுப் போய், 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார். உடலை மஸ்தான் தனி விமானத்தில் கொண்டுவந்தார் என்பார்கள். தெருவில் அன்று பெருங்கூட்டம். அழுதவர்கள் உண்மையாகவே அழுதார்கள், அதையும் மறைக்க மாட்டேன். ஆச்சி இருந்திருந்தால் அவளும் அழுதிருப்பாள். அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போனார்.

சரி, கடிதம் எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். 34ஆம் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. தலையில் பெரிய மூட்டைகளோடு நான்கு பேர் சேற்றில் நடந்து போகிறார்கள். கீழே, 'சாராயம் கடத்தும் தாதாவின் ஆட்கள், தாராவி' என்று போட்டிருக்கிறது. ஐயா, அவர்கள் தலையில் இருப்பது உப்புப் போட்ட தோல். மயிர்ப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கட்டியிருப்பது படத்திலேயே தெரிகிறது. சாக்கைக் கொங்காணி போலத் தலையிலிருந்து முதுகுவரை தொங்கவிட்டிருக்கிறார்களே, அது மழைக்காக இல்லை. உப்புத் தண்ணீர் கழுத்தில் வடியாமல் இருக்க. அப்படியும் வடியும். அப்பாவின் கழுத்து ஆறி நான் பார்த்ததில்லை. ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பாந்த்ராவிலிருந்த அறுப்புக்கூடம் 1971இல் தேவ்னாருக்கு மாறிப்போன பிறகு இந்த நடை குறைந்தது. ஆகவே படம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். முகங்கள் தெளிவாக இல்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.

அடுத்த இதழில், 'தோல் சுமக்கும் தொழிலாளர்கள்' என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

அப்புறம், மார்ச் இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. சந்தா டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தாராவியில் பிறந்த ஒரு வாசகி,
டோம்பிவிலி