விருதுக்கு விண்ணப்பம் கேட்காதீர்கள், ஆளைத் தேடிப் போங்கள்: எங்கள் மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர், விருதுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் இரண்டு புதிய விருதுகள் கொடுக்கப்போவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. ஒன்று தன்னார்வ சேவைக்கு, இன்னொன்று பொது சுகாதாரத் தலைமைக்கு. முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரியில் மெடல் என்றாலே அது மெடிசினுக்கும் சர்ஜரிக்கும்தான். எஸ்.பி.எம். என்ற சமூக, நோய்த்தடுப்பு மருத்துவ வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடக்கும், மீதிப் பாதியில் பலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாடத்தை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு மேடை கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். இவ்வளவு நாள் ஆயிற்றே என்று குறைப்படவும் இல்லை.

ஆனால் சுற்றறிக்கையோடு வந்த விண்ணப்பப் படிவத்தைப் படித்ததும் எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது. விருது வேண்டுபவர் தானே விண்ணப்பிக்க வேண்டுமாம். சேவைப் படங்கள், பத்திரிகைச் செய்தி நறுக்குகள், 'பயனடைந்தோர் எண்ணிக்கை', ஏற்கெனவே பெற்ற விருதுகளின் பட்டியல், இரண்டு ஆயுள் உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக இந்த மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டுமாம். தேர்வுக் குழு கூடுவதற்கு முன்பே இந்தப் படிவம் ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். யாரிடம் படம் இருக்கிறதோ அவருக்குத்தான் விருது.

படம் யாரிடம் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்துபவரிடம் இருக்கும். அந்தக் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். பள்ளிக்கூட வராந்தாவில் பேனர், அதில் மருந்தைவிடப் பெரிய எழுத்தில் பெயர்கள், ஒரு மேசையில் பிபி, இன்னொன்றில் சுகர். வரிசையில் வரும் அம்மாவுக்கு சுகர் 280 என்று வரும். ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, 'டாக்டரைப் பார்க்கவும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுப்போம். மாலையில் ஷாமியானாவைப் பிரித்துவிடுவார்கள். ஆறாவது நாள் அந்த அம்மா எங்கே போவார்? அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமே இல்லை. ஆனால் 'பயனடைந்தோர் எண்ணிக்கை'யில் அவரும் ஒரு எண்.

முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் முகாம்களால் வளர்ந்ததுதான். ஆனால் அங்கே முகாம் வெறும் முதல் படி. கண்புரை என்று தெரிந்தால் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு பார்வை எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதேபோல 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதுதான் விஷயம். ஆறாவது நாளுக்குப் பதில் வைத்திருப்பவரைத் தேடுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பொது சுகாதாரத்தில் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் காலரா பரவும், தட்டம்மை பரவும் என்று எல்லோரும் பயந்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் போய் இறங்கினார்கள். குடிநீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள், வயிற்றுப்போக்கு எங்கே இருக்கிறது என்று தினமும் கணக்கெடுத்தார்கள். பயந்தபடி கொள்ளைநோய் வரவில்லை. வராத காலராவை யார் படம் எடுப்பார்கள்? அன்றைக்கு அங்கே பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றவர்களில் நம் கல்லூரிக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை நாம் ஒருநாளும் மேடையில் சொன்னதில்லை.

இன்னும் சின்ன அளவில் ஒன்று சொல்கிறேன். என் பேட்ச்மேட் ஒருத்தி ஒரு மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். பெயரைச் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாள். அங்கே தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் என்ற குளிர்பதனப் பெட்டியின் மேல் நூல் கட்டிய நோட்டு ஒன்று தொங்கும். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. சூடு பட்டால் தடுப்பூசி கெடும் என்பது பலருக்குத் தெரியும். குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்காகப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்துபோனாலும் வீண் என்பதும், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாமலேயே போகலாம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? பொங்கலுக்கு நான்கு நாள் லீவு விட்டால், அந்த நான்கு நாளுக்கும் நோட்டில் எட்டுப் பதிவு இருக்க வேண்டும். அவளுடைய நோட்டில் இருக்கிறது. சில நாள் அவள் கையெழுத்து, சில நாள் ஸ்டாஃப் நர்ஸ் கையெழுத்து. இப்போது வெப்பநிலை மாறினால் செல்போனுக்கே எச்சரிக்கை வருகிறதுதான். வந்ததும் எழுந்து போய், ஐஸ் பேக் அடுக்கிய கோல்டு பாக்ஸுக்கு மருந்தை மாற்ற ஒரு ஆள் வேண்டாமா? புதன்கிழமை ஊசி போட வரும் தாய்மார்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் படிவத்தில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்ற இடத்தில் அவள் என்ன எழுதுவாள்?

அடுத்து தலைமை. இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு 1986 ஞாபகம் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், மேற்படிப்பு மாணவி நிர்மலாவிடம், எச்ஐவி இங்கே இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார் என்றார். அது மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பெரிய பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா முதலில் தயங்கினார். பிறகு பாலியல் தொழிலாளர்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போய், கையுறைகூட இல்லாமல், 80-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் விட்டவர் அவர் கணவர். மாதிரிகளைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் எச்ஐவியைக் கண்டுபிடிக்கும் எலைசா ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லை என்பதால் ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சிஎம்சியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது எச்ஐவி இருந்தது. பிறகு அமெரிக்காவிலும் உறுதியாகி, சட்டமன்றத்திலேயே சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அதற்குப் பிறகு சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்ஐவி சிகிச்சை மையத்தைத் தொடங்கி, யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். 2015-இல் காலமானார். பத்மஸ்ரீ வந்தது 2017-இல், அதுவும் மறைவுக்குப் பின். நிர்மலா ஆய்வேட்டைக் கொடுத்து, தேர்வை முடித்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயர் பரவலாக வெளியே தெரிய ஏறக்குறைய 30 ஆண்டு ஆனது. 1987-இல் உங்கள் படிவம் அவர் கைக்கு வந்திருந்தால் பூர்த்தி செய்திருப்பாரா? காப்பகத்தில் எடுத்த ரத்தத்துக்கு எந்தப் பத்திரிகை நறுக்கு இருந்திருக்கும்? எனக்கு இதில் தலைமை என்று படுவது, கேட்கவே சங்கடமான ஒரு கேள்வியை ஒரு பேராசிரியர் தன் மாணவியின் கையில் கொடுத்ததும், வேலூரில் சோதிக்க ஏற்பாடு செய்து கொடுத்ததும்தான். தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியிலும் இதையே பார்க்கலாம். 1993-இல் அங்கே குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். எத்தனை கமிட்டியில் இருந்தீர்கள் என்று கேட்பதற்குப் பதில், நீங்கள் இல்லாவிட்டாலும் வேலையைத் தொடர யாரை உருவாக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு விதி: 'அரசுப் பணியில் உள்ளோர் தங்கள் பணி சார்ந்த செயல்களைக் குறிப்பிட வேண்டாம்.' இதைப் போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார், சம்பளம் வாங்கிச் செய்வது சேவை ஆகாது என்று. ஆனால் 1939-லேயே பொது சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. அதற்கென்று தனி இயக்குநரகமும் தனி அலுவலர் வரிசையும் இங்கே உண்டு. இந்த ஊரில் பொது சுகாதாரம் பெரும்பாலும் அரசு வேலையில்தான் நடக்கிறது. அவர்களை விலக்கிவிட்டுப் பொது சுகாதாரத் தலைமைக்கு விருது கொடுப்பது, விவசாயிகளை வெளியே நிறுத்திவிட்டுப் பொங்கல் வைப்பது மாதிரி இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மூன்று டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரே இருந்து ராப்பகலாக ஓடுவதைத் தியாகம் என்று புகழ்ந்து மேடையில் பொன்னாடை போர்த்தாதீர்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாதது அரசின் கடன். அதற்கு நாம் கைதட்டினால் அந்தக் கடன் அப்படியே நிற்கும். கடமைக்கு மேலே அவராக விரும்பி எடுத்துக்கொண்டது எது, வேறு வழியில்லாமல் தலையில் விழுந்தது எது என்று குழு பிரித்துப் பார்க்க வேண்டும். கஷ்டம்தான். அதற்குத்தானே குழு?

விருது ஒரு ஆளுக்குத்தான் போக வேண்டுமா என்றும் யோசியுங்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் தலைமை விருதுகளில் ஒன்றை இந்தியாவின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா பணியாளர்களுக்கு, அதாவது ஊர்ப் பெண்களான சுகாதாரப் பணியாளர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தது. அதே வரிசையில், ஆப்கானிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் பேருக்கும் ஒரு விருது. ஜெனீவாவில் இருப்பவர்களுக்கே இது தோன்றியிருக்கிறது. நம் வளாகத்தில் படித்தவர்கள் எம்பிபிஎஸ்காரர்கள் மட்டும்தானா? நர்சிங், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர் படிப்பு முடித்தவர்கள் ஒரே கேன்டீனில் நம்மோடு டீ குடித்தவர்கள். சங்கத்தில் அவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. இந்த ஒரு விருதுக்காவது கதவைத் திறந்துவிடலாம்.

நன்கொடை பற்றி ஒரு வார்த்தை. புது ஆடிட்டோரியத்துக்கு வெளிநாட்டு நண்பர்கள் வாரிக் கொடுத்தார்கள், நன்றி. ஆனால் கட்டட நிதிக்குப் பெரிய தொகை கொடுத்தவர் தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்து, அடுத்த ஆண்டு விருதும் வாங்கினால், ஜூனியர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கொடுத்தவர்களுக்குத் தனியாக நன்றி விழா வையுங்கள், நானும் வந்து கைதட்டுகிறேன். இதில் கலக்க வேண்டாம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொந்த விண்ணப்பத்தை அடியோடு நிறுத்துங்கள். அடுத்தவர் மட்டுமே பரிந்துரைக்கலாம் என்று வையுங்கள். பரிந்துரைப்பவர் ஆயுள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கிராம சுகாதார செவிலியர், பள்ளித் தலைமையாசிரியை, ஊராட்சித் தலைவர், டெங்கு வேலை பார்க்கும் மஸ்தூர், யாராக இருந்தாலும் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதி அனுப்பினால் போதும். எழுத முடியாதவர் போனில் சொல்லட்டும், சங்க அலுவலகத்தில் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வந்த பெயர்களில் நான்கைந்தை எடுத்து, குழுவில் இரண்டு பேர் நேரில் போய்ப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள், சொன்னால் வாழைமரம் கட்டிவிடுவார்கள். ஐஎல்ஆர் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஆயாம்மாவிடம் பேசுங்கள், டாக்டர் மாற்றலாகிப் போனால் எது நின்றுபோகும் என்று கேளுங்கள்.

விழாவை நட்சத்திர ஓட்டலில் டின்னருக்கும் மெல்லிசைக்கும் நடுவில் மூன்று நிமிடத்தில் முடிக்காதீர்கள். நம் பழைய லெக்சர் ஹாலில், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது கொடுங்கள். வாங்குபவர் அரை மணி நேரம் பேசட்டும். கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவை அவர் வேலைக்கே கொடுத்துவிடுங்கள். என் தோழியைக் கேட்டால் ஐஎல்ஆருக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் கேட்பாள், அப்படியே ஜெனரேட்டருக்கு டீசலும்.

இதற்கெல்லாம் இந்த மாத இறுதிக்குள் நேரம் போதாது. இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். டிசம்பரில் வெளிநாட்டு நண்பர்கள் வரும்போதுதான் விழா வேண்டும் என்றால் அடுத்த டிசம்பருக்குக்கூட வைக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. என் மாவட்டத்தில் பரிந்துரைகளைக் கேட்டு வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மாவட்டங்களுக்கும் ஆள் பிடித்துத் தருகிறேன், எங்கள் பேட்ச் குழுவில் காலை வணக்கம் அனுப்பவே பத்துப் பேர் சும்மா இருக்கிறார்கள். என்னிடம் இப்போதே இரண்டு பெயர்கள் உள்ளன. இரண்டு பேரும் உங்கள் படிவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வழி சொல்கிறேன். பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான், காலை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜூனியர், ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்